இம்மாதப் பாடம்: பார்த்தும் பேசாமல் இருந்தால் நமக்கும் பங்கு உண்டா?



இந்த மாதம் ஆடு வளர்ப்புக் கடன் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். ஒரு குழுக் கூட்டத்தில் எங்களிடம் ஓர் அக்கா ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விதான் இம்மாதப் பாடம். ஊக்குநர்கள் இதைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்து, பாதியில் நிறுத்திப் பேசவிட்டு, பிறகு மீதியை வாசிக்கலாம்.

எந்த ஊர், எந்த மில் என்று எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்ட தங்கச்சியிடம் முழுவதும் படித்துக் காட்டி, அவர் "எழுதுங்க" என்று சொன்ன பிறகே எழுதுகிறோம். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

சேமிப்பு வசூல் முடிந்து, உள்கடன் தவணை எழுதி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குகிற நேரம். 24 வயதுள்ள ஓர் உறுப்பினர், "அடுத்த மாசத்துல இருந்து தவணை முன்னப் பின்ன ஆகும்க்கா. மில்லு வேலைய விட்டுட்டேன்" என்றார். ஏன் என்று ஊக்குநர் கேட்டார். பதில் இல்லை. கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று சுவரோரம் இருந்த மூன்று பேர் பக்கம் திரும்பி, "யக்கா, நீங்க மூணு பேரும் எதையுமே பாக்கலையா?" என்றார்.

அந்த மூன்று பேரும் அதே நூல் மில்லில், அதே ஷிப்டில் வேலை செய்கிறவர்கள். ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புகிறவர்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது இதுதான். ரிங் பிரேம் பிரிவில் ஒரு சூப்பர்வைசர். மில்லுக்குள் போனவர்களுக்குத் தெரியும், மிஷின் ஓடும்போது பக்கத்தில் பேசுவதே கேட்காது. அதைச் சாக்காக வைத்து அந்த ஆள் இவர் காதோரம் முகத்தைக் கொண்டு வருவது, பின்னால் வந்து தோளில் கை போடுவது, இரவு ஷிப்டில் போன் நம்பர் கேட்டு நச்சரிப்பது என்று நாலைந்து மாதமாகத் தொந்தரவு. இவர் கையைத் தட்டிவிட்ட நாளிலிருந்து, பார்க்க வேண்டிய சைடுகளைக் கூட்டிக் கொடுத்தார். லீவு கேட்டால் இல்லை என்றார். தங்கச்சி தைரியமாக மில்லில் இருந்த புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுத்தார். குழு, கூட வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டது. ஒருவர், "நான் அப்ப அந்தப் பக்கமே இல்ல" என்றார். மற்ற இரண்டு பேரும், "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்கள். விசாரணை முடியவில்லை, ஆனால் தங்கச்சிக்கு நம்பிக்கை போய்விட்டது. மறுநாள் வேன் வந்து ஹாரன் அடித்தபோது அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு, மூன்று பேரில் மூத்தவர் எங்கள் வண்டி நிற்கிற இடம் வரை கூடவே வந்தார். "மேடம், கைய வச்சது அவன். தெரியாதுன்னு பொய் சொன்னது நானு. ரெண்டும் ஒண்ணாயிருமா?" என்று கேட்டார்.

இதற்குத்தான் எங்களிடம் பதில் இல்லை.

"ஆமாம், நீங்களும் குற்றவாளிதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவது சுலபம். மேடைப் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த அக்காவின் நிலைமை என்ன? கணவர் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள். குழுவில் வாங்கிய கடனுக்கும் வெளியே வாங்கிய கடனுக்கும் மில் சம்பளம்தான் ஆதாரம். லீவு, ஷிப்டு, எத்தனை சைடு, எந்த மிஷின் எல்லாம் அந்த சூப்பர்வைசர் கையில். நூல் அறுந்துகொண்டே இருக்கிற மிஷினைத் தலையில் கட்டினால் எட்டு மணி நேரமும் ஓட்டம்தான்.

இன்னொரு பயம் உண்டு. மில்லுக்குப் போகும் பெண்களிடம் தனியாகப் பேசினால்தான் அதைச் சொல்கிறார்கள். "மில்லுல இப்படி நடக்குதுன்னு ஊருக்குத் தெரிஞ்சா, மறுநாளே வீட்ல யாரையும் அனுப்ப மாட்டாங்க. ஒருத்தி பேசுனா பத்துப் பேரு வீட்டுல முடங்கணும்." முதலாளியைவிட வீட்டை நினைத்துத்தான் பல பேர் வாயை மூடுகிறார்கள். இதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகும் உரிமையே வீட்டாரின் கருணையில் தொங்கும்போது, உண்மை சொல்வதற்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதோடு ஊர்ப் பேச்சும் சேர்ந்துகொள்கிறது. "சேலை முள்ளுல விழுந்தாலும் முள்ளு சேலையில விழுந்தாலும் கிழியறது சேலைதான்" என்பார்கள். இந்தப் பழமொழியைச் சொல்லிச் சொல்லியே முள்ளைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டோம். "அவளும் சிரிச்சுச் சிரிச்சுத்தான பேசுனா" என்று ஒரு பேச்சும் வரும். லீவு சீட்டில் கையெழுத்துப் போடுகிறவரிடம் சிரிக்காமல் யார் பேசுவார்? நாம் வங்கி மேலாளரிடம் பேசும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்று யோசித்தால் போதும்.

அடுத்த கூட்டத்தில் பெயர் எதுவும் சொல்லாமல், "வேலை பார்க்கிற இடத்தில் ஒரு பெண்ணுக்குத் தொந்தரவு நடக்கிறது. பார்த்தும் பேசாமல் இருந்தால் நமக்குப் பங்கு உண்டா?" என்று பொதுவாகக் கேட்டோம். ஒரு பெரியம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறோம்: "குழுவுல ஒருத்தி கடன் கட்டலைன்னா பன்னெண்டு பேரும் சேந்துதான தாயி கட்டுறோம்? அப்ப மட்டும் எல்லாரும் பொறுப்புங்கிறோம். இதுல மட்டும் எனக்கென்னன்னு போனா எப்படி?"

உடனே இன்னொருவர் எழுந்தார். "கடன் வாங்கினவ வேற, ஜாமீன் போட்டவ வேற. ஜாமீன் போட்டவளத் திருடின்னு சொல்ல முடியுமா?"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று எங்களுக்குப் பட்டது. கை வைத்தவன் செய்த குற்றம் முழுக்க அவனுடையது. பத்துப் பேர் பேசாமல் இருந்தார்கள் என்பதற்காக அதில் ஒரு பைசாகூடக் குறையாது. சில இடங்களில், "கூட இருந்த பொம்பளைங்களே கேக்கலை" என்று பெண்கள் மேலேயே பழியைத் திருப்பிவிட்டு அந்த ஆளை மறந்துவிடுகிறார்கள். அதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. அவனுக்கு அடுத்த பொறுப்பு முதலாளிக்கு. பேசினால் வேலை போகும் என்ற பயம் அந்த இடத்தில் இருக்கிறது என்றால், அதை வளரவிட்டவர் அவர்தான்.

இவை இரண்டும் போக நம் பங்கு தனியாக நிற்கிறது. அதை அளக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, "பேசினால் எனக்கு என்ன நஷ்டம், பேசாததால் அவளுக்கு என்ன நஷ்டம்" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். கண் முன்னால் நடந்தபோது திகைத்து நின்றதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அந்த நிமிடத்தில் கை கால் ஓடாது. பயந்துபோய் இரண்டு நாள் பேசாமல் இருந்ததையும் புரிந்துகொள்ளலாம். ஆனால், "நீ பார்த்தாயா?" என்று நேருக்கு நேர் கேட்கும்போது "இல்லை" என்று சொல்வது அப்படியல்ல. பேசாமல் இருந்ததால் அந்தத் தங்கச்சி தனியாக நின்றார். "இல்லை" என்று சொன்னதால் அவர் பொய்க்காரி ஆனார். கேலி செய்து சிரித்தவர்களையும், அவருக்குப் போக வேண்டிய நல்ல ஷிப்டைத் தான் வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் போனவர்களையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது நாங்கள் ஒரு விஷயத்தை மறைக்க முடியவில்லை. அந்தத் தங்கச்சி மில்லில் புகார் எழுதுவதற்கு இரண்டு மாதம் முன்பே எங்கள் களப்பணியாளரிடம் ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் அதைப் பேசினோம். "பார்த்து நடந்துக்கச் சொல்லுங்க, கடன் முடியட்டும்" என்று முடித்துவிட்டோம். அந்த வருடம் எங்கள் மகளிர் தின விழாவுக்குப் பந்தல், நாற்காலி, மதியச் சாப்பாடு எல்லாம் அந்த மில்தான் கொடுத்தது. அதை நினைத்துத்தான் பேசாமல் இருந்தோம் என்று அன்றைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நினைப்பு இருந்தது. அந்த அக்கா பேசியிருந்தால் அவருக்கு வேலை போயிருக்கும். நாங்கள் பேசியிருந்தால் நாற்காலி போயிருக்கும். இரண்டில் எந்த மௌனம் பெரிய தவறு என்று நீங்களே சொல்லுங்கள். சமூகப்பணியில் பட்டம் வாங்கியவர்கள் நாங்கள்.

இனி, பேசியவர்கள் பேசியதால் என்ன நடந்தது என்று இரண்டு உண்மைச் சம்பவங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ராஜஸ்தான் மாநிலம் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி. மண்பாண்டம் செய்யும் குடும்பம். அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்ற கிராமப் பணியாளர். சாத்தின் என்றால் தோழி. ஏறக்குறைய நம் ஊக்குநர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அந்த ஆத்திரத்தில் 1992 செப்டம்பரில் அவர் மீது கூட்டுப் பாலியல் வன்கொடுமை நடந்தது. ஊர் அவர் பக்கம் நிற்கவில்லை, ஒதுக்கியே வைத்தது. 1995-ல் கீழ் நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து ஆட்களை விடுவித்தது. ஆனால் கூட வேலை பார்த்த சாத்தின்களும் பெண்கள் அமைப்புகளும் சும்மா இருக்கவில்லை. வேலை செய்ததற்காகத்தானே இது நடந்தது, வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லையா என்று 'விசாகா' முதலான அமைப்புகள் உச்சநீதிமன்றம் வரை போயின. 1997 ஆகஸ்ட் 13 அன்று தீர்ப்பு வந்தது. எல்லாப் பணியிடங்களிலும் புகார்க் குழு வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. புகார் சொன்னவரையும் சாட்சி சொன்னவரையும் பழிவாங்கக் கூடாது என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. அதைத் தொடர்ந்து 2013-ல் சட்டமும் வந்தது. பன்வாரி தேவிக்கு நியாயம் கிடைக்கவில்லை. ஆனால் அவருக்காக மற்றவர்கள் போட்ட வழக்கால்தான், அந்தத் தங்கச்சி புகார் எழுதிக் கொடுக்க ஒரு குழுவே மில்லில் இருந்தது.

இரண்டாவது நமக்கு ரொம்பப் பக்கத்தில், திண்டுக்கல் மாவட்டத்தில். ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயதுப் பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அவருக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் கைதானார். பல மாதமாகத் தொந்தரவு இருந்தது என்று குடும்பத்தார் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் கூட வேலை பார்த்த பெண்கள் பலர் தங்களுக்கு நடந்ததையும் ஒவ்வொன்றாக வெளியே சொன்னார்கள். ஒரு உயிர் போன பிறகு! பெண்கள் தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் இதை விடாமல் பிடித்துக்கொண்டது. 2022 ஏப்ரலில் நிர்வாகத்தோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதைச் சொல்கிறார்கள். அங்கே துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன.

அந்த ஒப்பந்தத்தில் எங்களுக்குப் பிடித்த ஒரு விஷயம், தொழிலாளிகளிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தளத்தில் நடப்பதைக் கண்காணித்துச் சொல்வதற்கென்றே வைத்ததுதான். பார்த்ததைச் சொல்வது அவர்கள் வேலையாகவே ஆகிவிட்டது. "நீ ஏன்டி தேவையில்லாம மூக்க நுழைக்கிற?" என்று அவர்களை யாரும் கேட்க முடியாது. ஒருத்தி தனியாகப் பேசினால் அவளுக்கு வேலை போகும். பேசுவது பத்துப் பேருடைய பொறுப்பாக இருந்தால் பத்துப் பேரையும் நிறுத்த முடியாது. நம் குழுக்கள் தொடங்கிய காலத்தில் கந்துவட்டிக்காரரிடம் ஒருத்தியாகப் பேச முடியாததை, பதினைந்து பேராகப் போய்ப் பேசினோமே, அதே கணக்குத்தான்.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கூட வேலை பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை மட்டும் சொல்கிறோம். பார்த்தும் பேசாமல் இருந்ததற்கு இந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. ஆனால் விசாரணையில் பொய்ச் சாட்சி சொன்னது தெரிந்தால், அவர் மேல் நடவடிக்கை எடுக்கக் குழு பரிந்துரை செய்யலாம். "தெரியாது" என்று சொல்வது பத்திரமான பதில் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். பாதிக்கப்பட்டவரால் புகார் கொடுக்க முடியாத நிலை இருந்தால், நடந்தது தெரிந்த வேறொருவர் அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு புகார் கொடுக்கலாம். சம்மதம் முக்கியம். அவரைக் கேட்காமல் நாமாக ஊரெல்லாம் சொல்லி வைப்பது உதவி ஆகாது, அது இன்னொரு தொந்தரவு.

கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எழுதத் தெரியாது என்றால் எழுதிக் கொடுக்க உதவுவது குழுவின் கடமை. 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். மில் அனுப்பும் வேனும் பணியிடம்தான். அதில் நடந்தாலும் புகார் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அமைக்காத முதலாளிக்கு ரூ.50,000 வரை அபராதம். செங்கல் சூளை, சின்னக் கடை, வீட்டு வேலை போல பத்துப் பேருக்குக் குறைந்த இடம் என்றாலும், தொந்தரவு செய்தவர் முதலாளியே என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம், 181 எண்ணுக்கும் பேசலாம்.

அந்த அக்கா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஒரு நாள் எங்களுக்குப் போன் செய்து, "தனியாப் போக மாட்டேன். இன்னொருத்தியும் வந்தா வர்றேன்" என்றார். இன்னொருவரிடம் நாங்கள் போய்ப் பேசினோம். அவர் கணவரிடமும் பேச வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு நடை. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து போய், முன்பு சொன்னது பயத்தில் சொன்னது, பார்த்தது இது என்று குழுவிடம் எழுதிக் கொடுத்தார்கள். நாங்களும் மில்லுக்கு ஒரு கடிதம் எழுதினோம். மூன்றாமவர் வரவே இல்லை. அவரை யாரும் வற்புறுத்தவில்லை, குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்று சிலர் சொன்னதற்கும் நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

சூப்பர்வைசர் இப்போது அந்த மில்லில் இல்லை. சாட்சி சொன்ன இருவருக்கும் வேலை போகவில்லை. ஆனால் அக்காவுக்கு இரண்டு மாதம் தொடர்ந்து இரவு ஷிப்டு போட்டார்கள். அதைக் கேட்டு இரண்டாவது கடிதம் எழுதினோம். அதன் பிறகு மாற்றினார்கள். தங்கச்சி மில்லுக்குத் திரும்பவில்லை. பக்கத்து ஊரில் தையல் யூனிட்டுக்குப் போகிறார். குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார். தவணை பாக்கி இல்லை. அக்காவோடு இன்னும் பேசுவதில்லை. ஒரே பாயில் உட்காருவதும் இல்லை. நாங்களும் சமாதானம் செய்து வைக்கப் போகவில்லை. அது அவர் எப்போது விரும்புகிறாரோ அப்போது.

இந்த வருடம் மகளிர் தின விழாவுக்கு ஒவ்வொரு குழுவும் 200 ரூபாய் கொடுத்துப் பந்தல் போட்டோம். சாப்பாடு தக்காளிச் சாதம்தான்.

கூட்டத்தில் பேசுவதற்குச் சில கேள்விகள்:

நம் குழுவில் எத்தனை பேர் மில், சூளை, கடை, பிறர் வீடு என்று வேலைக்குப் போகிறோம்? அங்கே புகார்க் குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்களா?

"இல்லை, பாக்கலை" என்று நாம் எப்போதாவது சொல்லியிருக்கிறோமா? அப்போது எதை நினைத்துப் பயந்தோம்? (சொல்ல விருப்பம் இல்லாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.)

அந்த மூன்றாமவர் இடத்தில் நாம் இருந்தால், நம்மையும் கூட அழைத்துப் போக மற்ற இரண்டு பேரும் என்ன செய்திருக்க வேண்டும்?

பேசியதைப் பெயர் போடாமல் ஒரு தாளில் எழுதி, அடுத்த மாதச் சந்தா கொண்டு வரும்போது பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புச் செயலாளரிடம் கொடுத்தனுப்பவும்.